பின்சீட்டுக்கு இது போதும்

1

சென்ற மாதம் ஒரு காலை. வெளியே உறைபனி. கார் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிவிட்டு, மகள் மகிழைப் பின்பக்கம் அவளுக்கான குழந்தை இருக்கையில் உட்கார வைத்தேன். இந்த நாட்டில் குளிர்காலத்தில் குழந்தைக்கு பெல்ட் போடுவது ஒரு சடங்கு. முதலில் தடித்த மேலங்கியைக் கழற்ற வேண்டும். பஞ்சடைத்த உடைக்கு மேல் பெல்ட் போட்டால் இறுக்கமாக இருப்பதுபோலத்தான் தெரியும். மோதினால் பஞ்சு அமுங்கும். பெல்ட்டுக்கும் குழந்தைக்கும் நடுவே இடைவெளி விழும். அதனால் நடுங்க நடுங்க அங்கியைக் கழற்றி, பெல்ட்டை மாட்டி, அதற்கு மேல் அங்கியைப் போர்வைபோலப் போர்த்துவேன். தினமும் சிணுங்குவாள். அன்று சிணுங்கவில்லை. ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, பெரியம்மா கார்ல பெல்ட் வேணாம். நம்ம கார்ல வேணும். ஏன்?”

ஐந்து வயது. ஜெர்மன் மொழியில் கடகடவென்றும் தமிழில் தடுக்கித் தடுக்கியும் பேசுகிற பிள்ளை. பொம்மைகளோடு விளையாடும்போதுகூட ஜெர்மன்தான். இந்தக் கேள்வியை மட்டும் முழுத் தமிழில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் கேட்டாள்.

“நேரமாச்சு கண்ணா” என்றேன். அவ்வளவுதான் என் பதில்.

அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகம் போகும் வழியெல்லாம் காது மடல் சுட்டுக்கொண்டிருந்தது. ஏன் என்று சொல்வதற்கு முன் என் வேலை என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். கார்களுக்கு சீட் பெல்ட் செய்து கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் நான் பொறியாளர்.

2

பிறந்தது வளர்ந்தது காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். வீட்டில் பட்டுத் தொழில். எனக்குப் படிப்பு வந்ததால் பொறியியல் படிக்க வைத்தார்கள். ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு, கணவரின் வேலையைத் தொடர்ந்து தென் ஜெர்மனியில் இந்தச் சிறிய ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த புதிதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஊரில் நான் பல வருடம் வண்டி ஓட்டியவள் என்பது இங்கே யாருக்கும் ஒரு பொருட்டில்லை. நம் ஊர் உரிமம் ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது என்றார்கள். கண் பரிசோதனைச் சான்று, முதலுதவி வகுப்புச் சான்று, எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினேன். வண்டி ஓட்டக் கற்றுத்தந்த பெரியவர் நான் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் திரும்பிப் பின்சீட்டைப் பார்க்கச் சொல்வார். காலியான பின்சீட்டை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். காலி என்று பார்த்தால்தானே தெரியும் என்றார்.

வேலை கிடைத்தது செலவுப் பிரிவில். செலவுதான் விலையை முடிவு செய்யும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காரைச் செய்து முடித்துவிட்டு, ஆன செலவைப் பார்த்து, அதற்கு ஒரு விலை போடுவார்கள் என்று. உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது, நடப்பது நேர்மாறு. விலையைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். இந்தச் சந்தையில் இந்த விலைக்கு மேல் வாங்கமாட்டார்கள் என்று வாசலில் தாழ்வாக ஓர் உத்தரம் கட்டிவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு பாகமும் அதற்குக் கீழே குனிந்து குனிந்து உள்ளே வர வேண்டும். குனிய முடியாதது வெளியே நிற்கும். எதை வெளியே நிறுத்தலாம் என்று பேசுவதுதான் எங்கள் கூட்டங்கள்.

ஆரம்பத்தில் ஒரு கூட்டத்தில், மலிவாகச் செய்துவிடலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஜெர்மன் சொல்லைப் போட்டுப் பேசினேன். மேசையைச் சுற்றி எல்லோரும் புன்னகைத்தார்கள். மட்டமாகச் செய்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் பிரிவுத் தலைவர் மார்க்குஸ் நல்ல மனிதர். தனியாகக் கூப்பிட்டு, வாங்குபவருக்கு அனுகூலமான விலை என்று சொல்ல வேறொரு சொல் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள் என்றார். அன்றிலிருந்து அந்தச் சொல்லைத்தான் சொல்கிறேன். செய்யும் காரியம் என்னவோ அதேதான்.

எங்கள் பெல்ட் போகிற கார்களில் ஒரு சின்னக் கார், எங்கள் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் தயாராகிறது. அதே பெயரில், அதே முகத்தோடு இங்கேயும் ஓடுகிறது. நாங்கள் வைத்திருப்பதும் அதுதான். இங்கே விற்பதில் பின்சீட்டு பெல்ட்டுக்குள்ளும் ஒரு சிறு பொறி உண்டு. கார் மோதும் நொடியில் அது பெல்ட்டைச் சுண்டி இழுத்து, தொய்வை எல்லாம் எடுத்து, உட்கார்ந்திருப்பவரை இருக்கையோடு பிடித்துவிடும். நம் ஊரில் அந்தப் பொறி மேல் ரகத்தில் உண்டு. விலை குறைந்த கீழ் ரகத்தில் பின்பக்கம் இல்லை. பெல்ட் உண்டு. சட்டம் கேட்பது எல்லாம் உண்டு. சுண்டி இழுக்கும் அந்தப் பொறி மட்டும் உத்தரத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

3

சுமதி அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளும் மாமாவும் சேர்ந்து வீட்டுத் தொழிலை நடத்துகிறார்கள். தென்னேரிப் பக்கத்துத் தறிக்காரர்களுக்குப் பாவும் நூலும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலைகளை வாங்கி வந்து, கடைகளுக்கும் நேரே வீட்டுக்கு வருபவர்களுக்கும் விற்கிறார்கள். அக்கா போனிலேயே பாதி வியாபாரத்தை முடிப்பாள். வாய் அதிகம். அதைவிடக் கண் அதிகம்.

கார் வாங்கும்வரை அவர்கள் போய்வந்தது ஒரு டூவீலரில். முன்னால் பையன் கவின் நிற்பான், மாமா ஓட்டுவார், நடுவில் சின்னவள் ஓவியா, கடைசியில் அக்கா, மடியில் சேலைக் கட்டு. வாலாஜாபாத் சாலையில், புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு போகும் நீளமான லாரிகளின் ஓரமாக. முன்னால் நின்றபடியே கவின் அதை வீடியோ எடுத்து அனுப்புவான். பார்த்துவிட்டு எனக்கு அன்று சாப்பாடு இறங்காது.

அதனால் கார் வாங்கப் போகிறோம் என்று அக்கா சொன்னபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“ஏண்டி, உன் பெல்ட்டு போட்ட வண்டியாமே, ஷோரூம்காரன் கிட்ட சொன்னேன், என் தங்கச்சி ஜெர்மன்ல இதத்தான் செய்யறான்னு. அவன் டீ எல்லாம் குடுத்தான்பா. சரி, நீ சொல்லு. கீழ இருக்கற மாடலா, மேல இருக்கறதா? ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்னு உங்க மாமா கேட்டுக்கினே இருக்காரு.”

“பெருசா ஒண்ணும் இல்லக்கா. சக்கரத்துல டிசைன், பெரிய ஸ்க்ரீன், கலரு. கீழ் ரகமே போதும்.”

சொன்னது நான்தான். எதைச் சொல்லாமல் விடுகிறேன் என்பது தெரிந்துதான் சொன்னேன். அவர்கள் கையிருப்பு எனக்குத் தெரியும். மேல் ரகம் என்றால் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போடுவார்கள். அந்த ஒரு வருடமும் நான்கு பேரும் டூவீலரில் லாரி ஓரமாகப் போவார்கள். பொறி இல்லாத பெல்ட், பெல்ட்டே இல்லாத டூவீலரைவிட எவ்வளவோ மேல். இந்தக் கணக்கு தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் கணக்கைப் போட்டவள் நான். காரில் உட்காருகிறவர்கள் அவர்கள்.

4

மகிழுக்குக் காது குத்த இந்த முறை ஊருக்குப் போனோம். கணவருக்கு விடுமுறை கிடைக்காததால் நானும் குழந்தையும் மட்டும். மாகறல் கோயிலில் வைத்துக் குத்துவது என்று அம்மாவின் வேண்டுதல். காலையிலேயே அம்மாவை மாமா கொண்டுபோய் கோயிலில் விட்டுவிட்டு, எங்களை அழைத்துப்போகத் திரும்பி வந்தார். அக்கா மயில்கழுத்து நிறத்தில் பட்டு கட்டியிருந்தாள். எனக்கும் ஒன்றை எடுத்துக் கொடுத்து, கொசுவத்தை அவளே மண்டியிட்டு நீவிவிட்டாள்.

மகிழ் காருக்குள் ஏறியதும் உட்காரவில்லை. சீட்டின் இடுக்கில் கையைவிட்டுத் துழாவினாள். பிறகு ஜெர்மன் மொழியில், பெல்ட் போடணும், பெல்ட் எங்கே என்று கேட்டாள்.

“இன்னா தேடுது கொழந்த? ஏதாச்சும் விழுந்துடுச்சா?” என்றார் மாமா.

“பெல்ட் தேடறா மாமா” என்றேன்.

“அட, அம்மா கம்பெனிக்கு இவளும் வேலைக்குச் சேந்துட்டாளா! சம்பளம் எவ்ளோன்னு கேளு” என்று அக்கா சிரித்தாள்.

“அது கவருக்கு உள்ள இருக்குது சித்தி. அப்பாதான் உள்ள தள்ளிட்டாரு” என்றான் முன்சீட்டிலிருந்து கவின்.

பின்சீட்டைப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் தடித்த கவர், ஒரு பிசிறு இல்லாமல், இழுத்துத் தைத்து மாட்டியிருந்தது. பெல்ட் செருகும் பூட்டுகள் அதற்கு அடியில் எங்கோ இருந்தன. கைவைத்து அழுத்தினால் முண்டுமுண்டாகத் தட்டுப்பட்டன.

“சேலைங்கள பின்னாடிதானே அடுக்கினு போறோம்” என்று மாமா விளக்கினார். “போன தை மாசம் ஒரு முகூர்த்தச் சேலைமா. அந்த பக்கிள் மூக்குல ஜரிகை மாட்டிக்கினு ஒரே ஒரு இழை வெளிய வந்துடுச்சு. கடைக்காரரு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு, ஒண்ணும் பேசல, அப்படியே மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டாரு. அன்னிக்கே கவர் தைக்கறவரு கிட்ட போயி மொத்தமா மூடுங்கன்னுட்டேன்.”

“பின்ன? பட்டு கட்டிக்கினு குறுக்கால பெல்ட்ட போட்டா மடிப்பு இன்னாத்துக்கு ஆவறது?” என்றாள் அக்கா.

நான் தலையை ஆட்டினேன். ஆமோதிப்பதுபோல.

மகிழ் உதட்டைப் பிதுக்கத் தொடங்கினாள். கார் கிளம்பக்கூடாது என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். பெல்ட் போடாமல் கார் கிளம்பாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அழுகை பெரிதானது. எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெளிநாட்டுப் பிள்ளை, பழக்கமில்லை என்று யாரோ சொன்னது கேட்டது.

“இங்க வேணாம் கண்ணா” என்றேன். “பெரியப்பா மெதுவா ஓட்டுவாரு. நீ அம்மா மடியில உக்காந்துக்கோ.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. புரியாமல் பார்த்தாள். அவ்வளவுதான். பிறகு மடியில் ஏறி உட்கார்ந்தாள். நான் இரண்டு கையாலும் அவளைக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு வகுப்பு உண்டு. மோதும் நொடியில் ஒரு சிறு குழந்தையின் எடை எத்தனை மடங்காகும், எவ்வளவு பலசாலியானாலும் கைகளால் ஏன் பிடித்துவைக்க முடியாது என்று படம் போட்டுக் காட்ட வேண்டும். அந்த வகுப்பை எடுப்பது நான்.

மாகறலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் ஆடு குறுக்கே ஓடியது. மாமா பிரேக்கை அழுத்தினார். பெரிய வேகம் ஒன்றும் இல்லை. ஆனாலும் மகிழ் என் கைகளுக்குள்ளிருந்து வழுக்கி முன்சீட்டின் முதுகில் போய் முட்டினாள். ஓவியா கால் வைக்கும் இடத்தில் விழுந்து மோவாயைத் தேய்த்துக்கொண்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. “ஆட்டுக்காரன் எங்கடா போனான்” என்று மாமா திட்டினார். அக்கா ஓவியாவைத் தூக்கி உட்கார வைத்துப் பாவாடையைத் தட்டிவிட்டாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெளிநாட்டுக்குப் போனவள் வந்ததும் குறை கண்டுபிடிக்கிறாள் என்று ஆகிவிடுமோ, காது குத்துகிற நாளில் அபசகுனமாகப் பேசுகிறாள் என்பார்களோ, ஆசையாக வாங்கிய வண்டியைப் பழிக்கிறாள் என்று அக்கா முகம் வாடுமோ என்று ஒவ்வொன்றாக யோசித்து முடிப்பதற்குள் கோயில் வந்துவிட்டது.

5

திரும்பி வந்து வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே அந்தக் காரைப் பற்றிய கூட்டம். புது வடிவம் வரப்போகிறது. கீழ் ரகத்திலும் பின்சீட்டுக்கு அந்தப் பொறியை வைப்பதா, வேண்டாமா என்பது பேச்சு. எங்கள் பரிந்துரையைக் கார் நிறுவனம் கேட்டிருந்தது.

இப்படிப்பட்ட கூட்டங்களில் ஒரு கட்டத்தில் எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பும். அந்த அறையில் இந்தியாவிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். அவ்வளவு பெரிய நாட்டுக்கு அங்கே நான்தான் வாய்.

“அங்கே பின்சீட்டில் உட்காருகிறவர்கள் பெல்ட் போடுகிறார்களா?” என்று மார்க்குஸ் கேட்டார். கிண்டலாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான்.

“பெரும்பாலும் இல்லை” என்றேன். எல்லோரும் இன்னும் ஏதோ எதிர்பார்ப்பதுபோல் இருந்தது. “என் அக்கா காரிலேயே பின்சீட்டு பெல்ட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது.”

மேசையைச் சுற்றி ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. அந்தச் சிரிப்பு வந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள் அல்லவா? அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது.

“அப்படியானால், யாரும் போடாத பெல்ட்டில் இந்தப் பொறி எதற்கு?” என்றார் எதிரே இருந்தவர். வாதத்தில் ஓட்டை இல்லை. வேண்டாம் என்ற பக்கம் பேச்சு சாய்ந்தது. சில வாரம் கழித்து இன்னொரு முறை கூடி முடிவை உறுதி செய்வது என்று கலைந்தார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னேன். ஆனால் பூட்டு ஏன் புதைந்தது, ஓர் இழையால் திரும்பி வந்த சேலை எது என்று சொல்லவில்லை. ஒரு குழந்தை அதைத் தேடித் துழாவியது, அதன் அம்மா வேண்டாம் என்று அடக்கினாள் என்பதையும் சொல்லவில்லை.

அடுத்த நாள்தான் மகிழ் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

6

ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூப்பிட்டேன். இங்கே மதியம், அங்கே மாலை. போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சேலைகளின் மடிப்புக்கு நடுவே காகிதம் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, கார்ல பின்சீட்டு பெல்ட்ட வெளிய எடுக்கணும்.”

“இதுக்கா போன் பண்ண? நான் இன்னாமோ ஏதோன்னு பயந்துட்டேன். ஏண்டி, வந்தப்போ கம்முனு கொழந்தைய மடியில வச்சிக்கினு தானே வந்த?”

“ஆமாக்கா. தப்பு.”

“தப்புன்னா அன்னிக்கே வாயத் தொறந்திருக்கலாமில்ல? கொழந்தகூட தேடிச்சு. நான் கிண்டல் பண்ணேன், எனக்கு இன்னா தெரியும்? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கியே வண்டிய நிறுத்திட்டு கவர கிழிச்சிருப்பேன். உன் பொழப்பே அதானே.”

 அக்கா அடுத்த சேலைக்குள் சரசரவென்று காகிதம் வைத்தாள்.

“சரி, எடுத்துடறேன். சேலைங்களுக்கு இன்னா பண்றது? மறுபடியும் இழுத்துக்கும்.”

“ஆளு உக்காராதப்போ அந்த பக்கிள் மேல பழைய சாக்ஸ் ஒண்ண மாட்டிடுங்கக்கா. ஜரிகை மாட்டாது. ஆளு உக்காந்தா கழட்டிக்கலாம்.”

“சாக்ஸா!” அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். “என்னாங்க, கேளுங்க, ஜெர்மன் இன்ஜினியர் சாக்ஸு மாட்டச் சொல்றாங்க!”

அந்தச் சிரிப்போடு போனை வைத்திருக்கலாம். வைத்துவிடு என்றுதான் மனம் சொன்னது. இன்னொன்று இருக்கிறது என்றேன். பொறியைப் பற்றிச் சொன்னேன். எனக்குத்தான் சொல்ல வரவில்லை; அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

“தறியில பாவு தொய்ஞ்சா இழுத்துக் கட்டறா மாரியா?”

“அதேதான்.”

“எங்க வண்டியில இருக்குதா?”

“முன்னாடி இருக்குது. பின்னாடி இல்ல.”

“அந்த மேல் மாடல்ல?”

“இருக்குதுக்கா.”

“உன் வண்டியில?”

“இருக்குது.”

காகிதச் சத்தம் நின்றது. அக்கா இப்போது போனை நேராகப் பார்த்தாள்.

“நீ சக்கரத்துல டிசைன்னு சொன்ன.”

“அந்த விலைக்கு உங்களால முடியாதுன்னு நெனச்சேன். தள்ளிப் போட்டுடுவீங்க, மறுபடியும் டூவீலர்லயே போவீங்கன்னு...”

“முடியாதுதான். யாரு இல்லன்னா? ஆனா முடியாதுன்னு நாங்க சொல்லணும்டி. நீ சொல்லக்கூடாது.”

“அக்கா...”

“இரு. எங்கிட்ட கல்யாணத்துக்கு எடுக்க வர்றாங்க. எவ்ளோ ஏழபாழையா இருந்தாலும் ரெண்டு ஜரிகையும் எடுத்துப் போடுவேன். இது வெள்ளி ஜரிகை. இது சாதா, கொஞ்ச வருஷத்துல கறுக்கும். ரெண்டையும் தொட்டுப் பாத்துட்டு சாதாவ எடுத்துக்கினு போறவங்கதான் அதிகம். சந்தோஷமாத்தான் போறாங்க. மூஞ்சியப் பாத்து இவங்களுக்கு இதான் லாயக்குன்னு நானே ஒண்ண எடுத்துப் போட்டா, அவங்க எனக்கு அப்புறம் இன்னா மரியாதை குடுப்பாங்க? நீ இந்த வீட்டுல தானே பொறந்த?”

அழக்கூடாது என்று நினைத்தேன். அழுதால் அவள் உடனே இறங்கி வந்துவிடுவாள். அது அநியாயம். அதனால் கூட்டத்தில் நடந்ததையும் சொல்லிவிட்டேன். யாரும் பெல்ட் போடுவதில்லை என்று சொன்னதை, அதற்கு அவளையே உதாரணம் காட்டியதை, அவர்கள் சிரித்ததை.

“என் பேரச் சொன்னியா?”

“பேரு சொல்லல. என் அக்கான்னு சொன்னேன்.”

“அக்கா வேணாம்னு சொன்னாளா?” குரல் உயரவில்லை. “அக்காவ யாரு கேட்டா?”

உள்ளே கவினும் ஓவியாவும் டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுவது கேட்டது. மாமா ஏதோ அதட்டினார்.

“இப்ப கேக்கறேன்கா. புது மாடல்ல, கீழ் ரகத்துலயும் அது வரலாமா வேணாமான்னு பேசறாங்க. வேணுமா?”

“எவ்ளோ ஏறும்?”

என் கணிப்பில் தோராயமாக ஒரு தொகையைச் சொன்னேன்.

“அவ்ளோதானா? ஒரு ஆரி ஒர்க் ஜாக்கெட்டுக் கூலி.”

“ஒரு வண்டிக்கு அவ்ளோதான்கா. செய்யறவங்க எல்லா வண்டிக்கும் சேத்துப் பாக்கறாங்க. அதுவும் இல்லாம, இதுபோல இன்னும் பல சாமான் இருக்குது. எல்லாத்தையும் சேத்துக்கினே போனா அந்த விலைக்கு வண்டியே வராது. அப்புறம் உங்கள மாதிரி யாரும் வாங்க முடியாது. அதுவும் நிஜம்.”

“நிஜமா இருக்கட்டும். அது உங்க கவல.” அடுத்த சேலையை எடுத்தாள். “எங்க வண்டியில இப்ப தனியா வாங்கி மாட்ட முடியுமா?”

“முடியாதுக்கா.”

அக்கா கீழே பார்த்தாள். கையில் இருந்த சேலையை மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை போலிருக்கிறது, உதறி மறுபடியும் மடித்தாள்.

“சரி. நீ கேட்டல்ல? வேணும். இத வாங்கப் போற எந்த வீட்டுப் புள்ளைக்காச்சும் ஆவட்டும். அக்கா வேணும்னு சொன்னான்னு சொல்லு.”

சாப்பிட்டியா, மகிழ் என்ன பண்றா என்று எப்போதும் கேட்பவள் அன்று கேட்காமலே போனை வைத்தாள்.

7

மூன்று நாள் அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான்காம் நாள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கவரில் அளவாக வெட்டி, ஓரம் பிசிறாமல் கையால் தைத்து, பூட்டுகளை வெளியே எடுத்திருந்தார்கள். அவற்றின் தலையில் கவினின் பள்ளிச் சாக்ஸ். படத்தோடு ஒரு சொல்லும் இல்லை. நான் ஒரு இதயம் அனுப்பினேன். பிறகு அது போதாது, அதிகம், அசட்டுத்தனம் என்று மாறி மாறித் தோன்றியது.

முடிவை உறுதி செய்யும் கூட்டம் வந்தது. மார்க்குஸ் பழைய பேச்சைச் சுருக்கமாகச் சொன்னார். அந்தச் சந்தையில் பின்சீட்டில் பெல்ட் போடும் பழக்கம் இல்லை. ஆகவே கீழ் ரகத்துக்கு இப்போது இருப்பதே போதும். யாருக்கும் மாற்றுக் கருத்து உண்டா என்றார்.

நான் கையைத் தூக்கினேன். எட்டு வருடம் இந்த மொழியைப் பேசியவளுக்கு அன்று வினைச்சொற்கள் எல்லாம் இடம் மாறின.

“போன முறை நான் சொன்னது பாதிதான்” என்றேன். பெல்ட் ஏன் உள்ளே போனது என்று சொன்னேன். பட்டைப் பற்றிச் சொன்னேன், சாக்ஸைப் பற்றிச் சொன்னேன். இந்த முறையும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அந்தப் பொறி வேண்டும் என்கிறார் என் அக்கா” என்று முடித்தேன்.

மார்க்குஸ் குறித்துக்கொண்டே கேட்டார்.

“இது ஒரே ஒருவர் சொல்வதுதானே?”

“ஆமாம், ஒருவர்தான். போன முறை நான் சொன்னதும் அந்த ஒருவரை வைத்துத்தான். அப்போது அவரைக் கேட்கக்கூட இல்லை.”

 யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். முடிவு செய்யாமல் விட்டுவைப்போம், அங்கே வாங்கியவர்கள் சிலரிடம் நேரே கேட்க ஏற்பாடு செய்யலாம் என்றார் மார்க்குஸ். அதற்கு நேரம் இருக்குமா, செலவுக்கு ஒப்புக்கொள்வார்களா, கேட்டாலும் முடிவு மாறுமா என்று எனக்குத் தெரியாது. மாறாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அடுத்த பாகத்துக்குப் போனோம். பின்சீட்டுத் தலை சாய்மானம். உயரத்தை ஏற்றி இறக்கும் வசதி வேண்டுமா, அசையாத ஒன்றே போதுமா? வழக்கம்போல் எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின.

“எனக்குத் தெரியாது” என்றேன். “கேட்டுத்தான் சொல்ல முடியும்.”